ஊர்சுற்றியின் நன்றியுரை

என் வீட்டுக்காரர் கோல் போட்டால் முதலில் தலையைக் குனிவார். அப்புறம் இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே தூக்கிக்கொண்டு, பஸ்ஸில் தெரியாமல் யார் காலையோ மிதித்துவிட்டவர் போல நிற்பார். எங்கள் மகள் விவரம் தெரியாத வயதில் டிவியில் இதைப் பார்த்துவிட்டு, "அப்பா கோல் போட்டா யாரும்மா செத்துப்போறாங்க?" என்று கேட்டாள். நான் டிவியை அணைத்தேன்.

அந்த வருத்தம் அவராக இஷ்டப்பட்டுப் படுவதில்லை. கால்பந்துச் சங்கத்தின் மரியாதை விதி. ஆட்டக்காரன் தான் முன்பு விளையாடிய கிளப்புக்கு எதிராகக் கோல் போட்டால் சந்தோஷப்படக் கூடாது. ஒரே கிளப்பில் காலத்தை ஓட்டியவனுக்கு இது பெரிய தொல்லை இல்லை. என் வீட்டுக்காரரோ முதல் டிவிஷனில் இருக்கிற எல்லா கிளப்பிலும் விளையாடிவிட்டவர். யாருக்கு எதிராகப் போட்டாலும் அது பழைய கிளப்தான்.

அவருக்கு ஊர்சுற்றி என்று பேர். பேர் வைத்த புண்ணியவான்களுக்குத் தெரியாது, கடைக்குப் போய்விட்டு வாருங்கள் என்றால்கூட இவர் செருப்பைத் தேடுகிற சாக்கில் உட்கார்ந்தே பொழுதை ஓட்டுவார். விற்றார்கள், போனார், அவ்வளவுதான். ஒரு தேசத்தில் பனி விழுந்து பந்து கண்ணுக்குத் தெரியாமல் ஆரஞ்சு கலர் பந்து வைத்து ஆடினார்கள். இன்னொன்றில் மைதானத்தில் கால் வைக்க முடியாத வெயில். ஒரு கிளப் இவரைக் கொடுத்துவிட்டுப் பதிலுக்குப் புல் வெட்டுகிற மெஷின் வாங்கிக்கொண்டது. மெஷின் நல்ல உழைப்பாளி, இன்னும் ஓடுகிறது என்று அந்த கிளப் மேனேஜர் என்னிடமே பெருமையாகச் சொன்னார். நான் ஒவ்வொரு தடவையும் வீட்டைக் காலி பண்ணி, பாத்திரங்களைத் துணியில் சுற்றி, புது ஊரில் பால்காரரிடம் முதலிலிருந்து அறிமுகம் செய்துகொண்டேன்.

இவரை முதன்முதலில் விற்றவர் தலைவர். இவர் ஆட்டம் கற்ற கிளப்புக்கு அவர் தலைவர். பிற்பாடு அந்த நாற்காலியையும் விடாமல் சங்கத்துக்கும் தலைவர் ஆனார். எனக்கு அவரைக் கூப்பிட வேறு பேர்களும் இருக்கின்றன. அவை அச்சில் ஏறாது.

இவரை விற்ற அன்றைக்கு நான் பிரசவ வார்டுக்குள் வலியில் கத்திக்கொண்டிருந்தேன். இவர் வெளியே பெஞ்சில் இருந்தார். கிளப் செயலாளர் பெரிய பூங்கொத்தோடு வந்தாராம். பிறக்கப்போகிற குழந்தைக்கு என்று நினைத்து இவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அது வழியனுப்புகிற பூங்கொத்து. "உங்கள வித்தாச்சு. சாயங்காலம் ஃபிளைட். தலைவர் வாழ்த்து சொல்லச் சொன்னாரு" என்று சொல்லிவிட்டு செயலாளர் கிளம்பிவிட்டார். பூட்ஸை எடுக்க இவர் கிளப்புக்கு ஓடினால், காலையில் சல்யூட் வைத்த வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. வெளியாட்களை விடக் கூடாது என்று உத்தரவாம். மகள் பிறந்தபோது அவள் அப்பா ஆகாயத்தில் இருந்தார். எனக்கு அந்தப் பூங்கொத்து மிஞ்சியது.

வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது. அந்த ஆள் ஊர் முன்னால் நின்று முழிக்க வேண்டும், அதை நான் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்று அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டே முடிவு செய்தேன். என் வீட்டுக்காரருக்கு அப்படியெல்லாம் ஒன்றும் கிடையாது. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவர்.

உண்மையைச் சொன்னால் இந்தத் தொல்லைக்கு விதை போட்டதே அவருடைய நல்ல குணம்தான். வெளிநாடெல்லாம் சுற்றிவிட்டுத் திரும்பி வந்து, இங்கே வேறொரு கிளப்புக்காக ஆடியபோது அந்த முதல் கிளப்புக்கு எதிராக ஒரு கோல் போட்டார். கேலரியில் பழைய முகங்கள். பாவமாக இருந்ததாம். கையைத் தூக்கி, மன்னிச்சுக்குங்க என்கிற மாதிரி நின்றார். ஜனங்கள் கை தட்டினார்கள். மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்து இதைப் பார்த்த தலைவருக்கு, கோல் வாங்கிய வருத்தமெல்லாம் போய் முகம் மலர்ந்துவிட்டது.

சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் பேசினார். "இத்தனை வருஷமா நம்ம கிளப்புகள் கோல் வாங்கினா அது நமக்கு அவமானம்னு நெனச்சிட்டு இருந்தோம். தப்பு. வாங்கினவனுக்கு என்ன அவமானம்? போட்டவன்தான் வெட்கப்படணும். அதுக்கு ஒரு விதி போட்டுட்டா நாம தோக்கவே மாட்டோம்." தோற்றுத் தோற்றுக் களைத்துப்போயிருந்த கிளப் தலைவர்கள் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். மரியாதைக் குழு என்று ஒன்று அமைத்தார்கள். பிரசவ வார்டுக்குப் பூங்கொத்து கொண்டு வந்தவரே அதற்குச் செயலாளர். தலைவர் தும்மப்போகிறார் என்று தெரிந்தாலே கைக்குட்டையோடு நிற்கிறவர் அவர்.

முதலில் தலை குனிந்தால் போதும் என்றார்கள். பிறகு கையில் கறுப்புப் பட்டை கட்ட வேண்டும் என்றார்கள். கோல் விழுந்ததும் ஓரத்திலிருந்து ஒருவர் பட்டையோடு ஓடி வருவார். இவர் கையை நீட்டிக்கொண்டு நிற்பார், ஊசி போட்டுக்கொள்கிறவர் மாதிரி. அப்புறம் குடும்பத்துக்கும் மரியாதை வேண்டும் என்று ஒரு விதி வந்தது. ஆட்டக்காரரின் மனைவி மக்கள் எதிர் கிளப் தலைவருக்குப் பின்னால் மரியாதை வரிசையில் உட்கார வேண்டும், கோல் விழுந்தால் கை தட்டக் கூடாது. நான் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஆட்டம் பார்த்துப் பழகினேன்.

ஒருநாள் சங்கத்திலிருந்து கூப்பிட்டு விசாரித்தார்கள். என்ன குற்றம் என்றால், இவர் கோல் போட்டபோது முகத்தில் நிம்மதி தெரிந்ததாம். பெரிய திரையில் இவர் முகத்தை நிறுத்திவைத்து, குழுவில் இருந்த பெரிய மனிதர்கள் எல்லோரும் குனிந்து குனிந்து பார்த்தார்கள். "இதோ, இந்த உதட்டோரம். இது வருத்தமா?" என்று செயலாளர் கேட்டார். அது பல் வலி என்று இவர் சொன்னார். பல் வலியாக இருந்தாலும் கோலுக்குப் பிறகு வந்திருக்க வேண்டியதில்லை என்று தீர்ப்பானது. வருத்தப்படக் கற்றுக்கொடுக்க ஒரு நாடக வாத்தியாரை நியமித்தார்கள். அவர் எங்கள் வீட்டு ஹாலில் சோபாவை ஓரம் தள்ளிவிட்டு இவருக்குப் பாடம் எடுத்தார். "உங்களுக்கு ரொம்பப் பிடிச்சவங்க யாருக்காவது கெட்டது நடந்த மாதிரி நெனச்சுக்குங்க" என்றார். இவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதெல்லாம் வேண்டாம் என்று எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

இத்தனையும் போதாது என்று ஒரு வினோதம் நடந்தது. கார்னர் பந்தைத் தடுக்கப் பின்னால் வந்த இவர் முதுகில் பட்டு, பந்து இவர் கிளப்பின் வலைக்குள்ளேயே போய்விட்டது. சேம் சைடு கோல். இவர் வழக்கம்போலத் தலையைக் குனிந்தார். உடனே மரியாதைக் குழு கூடிவிட்டது. இந்தக் கோலால் பழைய கிளப்புக்கு லாபம்தானே, அப்புறம் ஏன் வருத்தப்பட்டார், பழைய கிளப் ஜெயிப்பது இவருக்குப் பிடிக்கவில்லையா என்று குடைந்தார்கள். கடைசியில், சேம் சைடு கோல் போட்டால் ஆட்டக்காரர் தாராளமாகக் கொண்டாடலாம், வேண்டுமானால் சட்டையைக்கூடக் கழற்றிச் சுற்றலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். அன்று வீட்டுக்கு வந்தவர் சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, "ஏம்மா, எனக்கு இனிமே சந்தோஷம்னா அது ஒண்ணுதானா?" என்று கேட்டார். நான் அவர் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன்.

கடைசி விதியைத் தலைவர் தன் ஆசைக்காகவே கொண்டு வந்தார். ஆட்டக்காரர்கள் அவசர அவசரமாக வருத்தப்பட்டுவிட்டு ஓடிவிடுகிறார்கள் என்பது அவர் குறை. "மன்னிப்புக் கேட்டா மட்டும் போதுமா? நாங்க மன்னிக்கணும்ல?" என்றார். அதனால் கோல் போட்டவர் மைதானத்தின் நடுவில் மைக் முன்னால் நின்று, பழைய கிளப் தனக்குச் செய்த நன்மைகளைச் சொல்லி நன்றியுரை ஆற்ற வேண்டும். உரை முடிந்ததும் அந்த கிளப் தலைவர் இறங்கி வந்து தோளைத் தட்டி, ஏற்றுக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் பந்து உருளும்.

நடுவர் ஒருவர் தயங்கித் தயங்கி, உரை நடக்கும்போதும் கடிகாரம் ஓடுமே, அந்த நேரத்தை ஆட்டத்தின் கடைசியில் கூட்டிக் கொடுக்கலாமா என்று கேட்டாராம். தலைவருக்கு மூக்கு விடைத்துவிட்டது. "மரியாதைக்குப் போன நேரத்த வீணாப்போன நேரம்னு கூட்டிக் கொடுக்கறதா? அப்ப மரியாதைன்னா வீணா? ஒரு செகண்ட் கூட்டக் கூடாது. இன்னொண்ணும் சேத்து எழுதிக்குங்க. ஒருத்தன் என் கிளப்பப் புகழ்ந்து பேசிட்டு இருக்கும்போது யாரும் குறுக்க வரக் கூடாது. யாரா இருந்தாலும் சரி." செயலாளர் அப்படியே எழுதிக்கொண்டார். பொதுக்குழு கை தட்டியது.

அதிலிருந்து நாடக வாத்தியார் சொல்லிக்கொடுத்த மாதிரி எல்லோரும் நான்கு வரி ஒப்பித்துவிட்டுத் தோளைக் காட்டிவிட்டு ஓடினார்கள். என் வீட்டுக்காரரும் அப்படித்தான் செய்தார்.

வயதாகிவிட்டது. முழங்கால் மாடிப்படி ஏறினாலே சத்தம் போட ஆரம்பித்துவிட்டது. இந்த சீசனோடு போதும் என்று முடிவு செய்தார். கடைசி ஆட்டம் எங்கே வந்து நின்றது என்றால், தலைவரின் கிளப்போடு, அவருடைய மைதானத்திலேயே. இவருடைய கிளப்புக்கு அதில் ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றும் இல்லை. ஆனால் தலைவர் கிளப் தோற்றால் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிவிடும். இரண்டாம் டிவிஷன்காரர் சங்கத் தலைவர் நாற்காலியில் உட்கார முடியாது. சமமாக முடித்தாலே போதும், அவர் தப்பித்துவிடுவார்.

ஆட்டத்தன்று காலையில் இவர் தரையில் பேப்பரை விரித்துப் பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"என்னங்க, கடைசி ஆட்டம். மனசுல ஏதாவது ஆசை இருக்கா?"

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. "ஒரே ஒரு கோலுக்கு வாய்விட்டுக் கத்தணும். ஒரு தடவை. சின்ன வயசுல தெருவுல கத்துன மாதிரி." பிறகு அவரே, "எங்க விடப்போறாங்க" என்று சிரித்தார்.

எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்த்து வந்த கோபத்தில் அப்போதுதான் மூளை வேலை செய்தது. "நீங்க கோல் போடுங்க. போட்டுட்டு நல்லா வருத்தப்படுங்க. அவசரப்படாதீங்க. அந்த கிளப் உங்களுக்கு என்னென்ன செஞ்சுதோ, ஒண்ணு விடாம சொல்லுங்க" என்றேன்.

"எல்லாத்தையுமா? நேரம் ஆகுமே."

"ஆகட்டும். நன்றின்னா முழுசா சொல்லணும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். சரி என்று தலையை ஆட்டிவிட்டு அடுத்த பூட்ஸை எடுத்தார்.

சாயங்காலம் மரியாதை வரிசையில் தலைவருக்கு நேர் பின்னால் எனக்கு இடம். மகளும் என் பக்கத்தில் இருந்தாள். தலைவர் புது கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார். என்னைத் திரும்பிப் பார்த்து, "உங்க வீட்டுக்காரர் நம்ம பிள்ளைதாம்மா" என்றார். எங்கோ ஒட்டிக்கொண்டிருந்த பொறுமையைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினேன்.

ஆட்டம் பார்க்கச் சகிக்கவில்லை. தலைவரின் ஆட்கள் எல்லோரும் தங்கள் வலைக்கு முன்னால் சுவர் மாதிரி நின்று, வருகிற பந்தையெல்லாம் கேலரிக்கு உதைத்தார்கள். சமமாகவே முடிந்துவிடும் போல் இருந்தது. தலைவர் ஒரு காலை மற்றதன் மேல் போட்டுக்கொண்டார். முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது ஒரு பந்து எங்கேயோ பட்டு, யாருக்கோ வழுக்கி, இவர் காலடியில் வந்து விழுந்தது. முழங்கால் வலியும் வயசும் எங்கே போயிற்றோ தெரியவில்லை. வலையின் மேல் மூலையில் பந்தைச் செருகினார்.

கேலரியில் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். இவர் தலையைக் குனிந்தார். கையை நீட்டிக் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டார். நடுவில் மைக் வந்தது. செயலாளர் கம்பளம் விரித்தார். தலைவர் தோளைத் தட்டுவதற்காகப் படியில் தாவித் தாவி இறங்கினார்.

"வணக்கம்" என்று இவர் ஆரம்பித்தார். "இந்த கிளப்புக்கு எதிரா கோல் போட்டதுக்கு ரொம்ப வருத்தப்படறேன். இவங்க எனக்கு எவ்வளவோ செஞ்சிருக்காங்க. ஒண்ணொண்ணா சொல்றேன்."

டிரெஸ்ஸிங் ரூமில் ஒழுகின கூரைக்கு நன்றி சொன்னார், அதனால்தான் ஈரத்தில் வழுக்காமல் நிற்கப் பழகினாராம். ஜுரத்தோடு ஆட வைத்ததற்கு நன்றி சொன்னார். கூட்டம் விசிலடித்தது, உட்காரச் சொல்லிக் கத்தியது. தலைவர் கம்பளத்தில் நின்றபடி, "ஏத்துக்கிட்டேன், ஏத்துக்கிட்டேன்" என்று கையை நீட்டினார். நடுவர் நடுவில் வந்து நின்றார். "உரை முடியல சார். யாரும் குறுக்க வரக் கூடாது. நீங்க போட்ட விதி." தலைவர் பெரிய கடிகாரத்தைப் பார்த்தார். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"என் மனைவி பிரசவ வலியில உள்ள இருந்தாங்க" என்று இவர் தொடர்ந்தார். "நான் வெளிய உக்காந்து பயந்துட்டு இருந்தேன். அப்படி சும்மா உக்காந்து பயப்படக் கூடாதுன்னு தலைவர் அன்னைக்கே என்ன வித்துட்டாரு. பூங்கொத்தும் குடுத்தாங்க. அந்த அக்கறைக்கு நன்றி. அன்னைக்கு பூட்ஸ் எடுக்க வந்தப்ப கேட்ல என்ன உள்ள விடாத வாட்ச்மேன் அண்ணனுக்கும் நன்றி. அவரு கேட்டத் திறக்கல. ஆனா அந்தப் பக்கம் கம்பியப் பிடிச்சிட்டு அழுதாரு. எனக்காக இங்க அழுதது அவரு ஒருத்தர்தான்."

இதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை. நான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டேன். விசில் சத்தம் நின்றுவிட்டது. எங்கோ ஒரு ஆள் எழுந்து, "அவரை எதுக்குய்யா வித்தீங்க?" என்று தலைவரைப் பார்த்துக் கேட்டார். அப்புறம் அந்த வரிசையே கேட்டது. அப்புறம் கேலரி முழுக்கக் கேட்டது.

தலைவர் கையைப் பிசைந்தார். கோட்டைக் கழற்றினார், மறுபடி போட்டார். "தம்பி, போதும்பா. மன்னிச்சிட்டேன்பா. உன்ன கெஞ்சிக் கேக்கறேன்" என்று மைக்குக்குப் பக்கத்தில் வந்து சொன்னதால் அது ஊருக்கே கேட்டது. இவர் மரியாதையாகத் தலை வணங்கிவிட்டு, தலைவர் விற்றதால் தான் போக முடிந்த கிளப்புகளை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். பனி விழுந்த ஊரில் சோறு போட்ட வீட்டுக்காரம்மாவுக்கு நன்றி. வெயில் ஊரில் தொப்பி கொடுத்த டிரைவருக்கு நன்றி. புல் வெட்டுகிற மெஷினுக்கும் மறக்காமல் நன்றி சொன்னார். இவர் வேண்டுமென்றே செய்தாரா, மனசாரத்தான் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார்.

அவர் எந்த ஊரைச் சொல்லிக்கொண்டிருந்தார் என்று நினைவில்லை, நடுவர் விசில் ஊதிவிட்டார். ஆட்டம் முடிந்தது. தலைவரின் கிளப் இறங்கிவிட்டது.

இவர் மைக்கை ஒழுங்காக அதன் கம்பியில் வைத்தார். கறுப்புப் பட்டையைக் கழற்றிச் செயலாளர் கையில் கொடுத்தார். பிறகு நிமிர்ந்து ஒரு சத்தம் போட்டார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் நான் கேட்காத சத்தம். சட்டையைக் கழற்றித் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டு, அந்த முழங்காலை வைத்துக்கொண்டு, மைதானத்தைச் சுற்றி ஓட ஆரம்பித்தார். பந்து எப்போதோ வலைக்குள் போயாகிவிட்டது, அந்தக் கோலுக்கான கத்தல் இப்போதுதான் வந்தது.

"இது கொண்டாட்டம். விதிமீறல். எழுதுய்யா, எழுது" என்று தலைவர் செயலாளரைப் பிடித்து உலுக்கினார்.

செயலாளர் தன் சட்டையிலிருந்து அவர் கையைப் பதமாக எடுத்துவிட்டார். "ஆட்டம் முடிஞ்சதும் விதியும் முடிஞ்சிருது சார். அப்புறம், ரெண்டாம் டிவிஷன் புகார் எல்லாம் பின்பக்கம் கவுண்டர்ல குடுக்கணும். திங்கட்கிழமை வாங்க" என்றார்.

தலைவர் அங்கே இங்கே பார்த்தார். கைக்குட்டையோடு நிற்க யாரும் இல்லை. கேலரி முழுக்க அவரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. தடுமாறிப் படியேறி என்னிடம் வந்தார். பேய் அறைந்த முகம். நான் நன்றாகப் பார்த்தேன், ஆசை தீரப் பார்த்தேன். எனக்குப் பாவமாகவே இல்லை.

"உங்க வீட்டுக்காரர நிறுத்தச் சொல்லுங்கம்மா. கோலும் போட்டாச்சு, என் கிளப்பும் போச்சு. இன்னும் எதுக்கு ஓடறாரு?"

"இப்பதான் சார் ஆரம்பிச்சிருக்காரு" என்றேன்.

முன்னால் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டதால் எனக்கு மைதானம் தெரியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, நாற்காலி மேல் ஏறி நின்று கை தட்டினேன்.